புழுக்களுக்கு இலை கொடுத்த பெண்மணி: மரியா சிபில்லா மேரியன்

ஐரோப்பாவில் யூரோ நாணயம் 2002 ஆம் ஆண்டில் மக்கள் கைக்கு வரும் வரை ஜேர்மனியில் வழங்கிய 500 மார்க் பணத்தாளின் முகப்பில் ஒரு பெண்மணியின் உருவம் இடம்பெற்றிருந்தது. அதன் மறுபுறத்தில் ஒரு செடியும், அச்செடியில் ஒரு புழுவும், சிறகு விரித்த பூச்சியொன்றும் வரையப்பட்டிருந்தன. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் உரியதென நாம் நினைத்துப் பழகிய இடத்தில், வீட்டில் பெட்டிகளில் அடைத்துப் புழு வளர்த்த ஒருவரை அந்த நாடு அமர்த்தி வைத்திருந்தது. மரியா சிபில்லா மேரியன் என்பது அவரது பெயர். அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் வன்னிப் பெருநிலப்பரப்பில் பிள்ளைகளை வளர்க்கும் எமக்கு அவரது வாழ்க்கையில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியொன்று உண்டு.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பூச்சி புழுக்கள் புதியனவல்ல. மழை தொடங்கினால் முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டிகள் அப்பிக்கொள்ளும். விறகுக் குவியலில் பூரான் இருக்கும். வரம்பில் பாம்பு கிடக்கும். இவற்றைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் பிள்ளை தானாகப் பெற்றதன்று. தாய் அலறுவதைக் கண்டு பிள்ளை அலறப் பழகுகின்றது. நாளடைவில் நெளிவன, ஊர்வன யாவும் ஒன்றே என்ற எண்ணம் மனதில் படிந்துவிடுகின்றது. நஞ்சுள்ளது எது, நஞ்சற்றது எது என்ற வேறுபாடு அதில் மறைந்துபோகின்றது. மேரியன் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் செய்த பணி இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பதிந்ததேயாகும்.

அவர் பிறந்தது 1647 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் திகதி, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில். தந்தை மத்தேயுஸ் மேரியன் பெயர்பெற்ற செதுக்கோவியரும் நூல் வெளியீட்டாளருமாவார். மகளுக்கு மூன்று வயதாகும்போது அவர் காலமானார். அடுத்த ஆண்டில் தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய தந்தையான யாக்கோப் மரெல் மலர்களை வரைவதில் தேர்ந்த ஓவியர். தமது மாணவர்களுக்குக் கற்பித்த கலையை அவர் அச்சிறுமிக்கும் கற்பித்தார். தூரிகையும் வர்ணமும் செதுக்குளியும் புழங்கிய வீட்டில் அவர் வளர்ந்தார்.

அக்காலத்தில் பூச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் படித்தவர்களிடமும் தெளிவு இருக்கவில்லை. சேற்றிலிருந்தும் அழுகிய இறைச்சியிலிருந்தும் அவை தாமாகவே தோன்றுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. இலையைத் தின்னும் புழுவும், பூவில் தேன் பருகும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிரின் இரு நிலைகள் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று எம்மவர்களும் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தனர். குருவின் அருளால் சீடன் குருவாகவே மாறுவதற்கு அதை உவமையாகவும் காட்டினர். உவமை அழகானது, ஆனால் குளவிக் கூட்டை உடைத்து, உள்ளே என்ன நடக்கின்றது என்று நாள்தோறும் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

மேரியனுக்குப் பதின்மூன்று வயதானபோது, அதாவது 1660 ஆம் ஆண்டில், அவர் பட்டுப்பூச்சியின் புழுக்களை வளர்க்கத் தொடங்கினார். கடுகு போன்ற முட்டை, அதிலிருந்து வெளிவரும் நூல் போன்ற புழு, தோலைக் கழற்றிக் கழற்றி அது பருக்கும் விதம், தன்னைச் சுற்றி அது நூற்கும் கூடு, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் பூச்சி என ஒவ்வொன்றையும் அவர் கண்டு வரைந்து வைத்தார். பட்டுப்புழுவில் இம்மாற்றம் நிகழுமாயின் ஏனைய புழுக்களிலும் நிகழக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தோட்டத்திலும் வேலியோரத்திலும் கண்ட புழுக்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மற்றைய பெண்கள் காலில் மிதித்துவிட்டுப் போன உயிர்களுக்கு அவர் பெட்டியில் இடம் கொடுத்தார்.

புழுவை வளர்ப்பது பார்வைக்கு எளிதாகத் தோன்றினும் உண்மையில் பொறுமையைச் சோதிக்கும் வேலையாகும். ஒவ்வொரு புழுவுக்கும் அதற்கென்று ஓர் இலை உண்டு. பிற இலையைக் கொடுத்தால் அது பட்டினி கிடந்து சாகும். எனவே எந்தப் புழுவை எந்தச் செடியில் கண்டாரோ அந்தச் செடியின் இலையையே அவர் நாள்தோறும் புதிதாகப் பறித்துவர வேண்டியிருந்தது. எச்சத்தை அகற்ற வேண்டியிருந்தது. சில கூட்டுப்புழுக்கள் குளிர்காலம் முழுவதும் அசைவின்றிக் கிடந்து அடுத்த இளவேனிலிலேயே திறந்தன. அவ்வளவு காலமும் அவர் காத்திருந்தார். பயம் என்பதற்கு அங்கே இடமில்லாமற் போனதற்கு இதுவே காரணம் எனலாம். தினமும் உணவூட்டும் உயிரை வெறுக்க மனித மனத்துக்கு இயலாது.

பதினெட்டு வயதில், 1665 இல், தமது வளர்ப்புத் தந்தையின் மாணவரான யொஹான் அந்திரேயாஸ் கிராப் என்ற ஓவியரை அவர் மணந்தார். மூத்த மகள் யொஹன்னா ஹெலேனா 1668 இல் பிறந்தார். பின்னர் குடும்பம் நூரம்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 1678 இல் இளைய மகள் டொரத்தேயா மரியா பிறந்தார். மேரியன் அம்மையார் வசதியுள்ள வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்தார். பூத்தையலுக்கு ஏற்ற மலர் ஓவிய நூல்களை வெளியிட்டார். சமையலும் பிள்ளை வளர்ப்பும் வகுப்பும் வருமானமும் அவர் பொறுப்பில் இருந்தன. இவற்றுக்கிடையே புழுப்பெட்டிகளும் இருந்தன. பெரிய ஆய்வுகூடமோ பல்கலைக்கழகப் பட்டமோ அவருக்கு இருக்கவில்லை. பெண்களுக்கு அக்காலத்தில் அவை எட்டாக்கனியாகவே இருந்தன.

1679 ஆம் ஆண்டில் புழுக்களின் உருமாற்றத்தையும் அவற்றின் உணவுச் செடிகளையும் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதில் 50 படங்கள் இருந்தன. இரண்டாம் பாகம் மேலும் 50 படங்களுடன் 1683 இல் வந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒரு செடி. அந்தச் செடியிலேயே முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் சிறகு முளைத்த பூச்சியும் ஒன்றாகக் காட்டப்பட்டன. ஓர் உயிரின் முழு வாழ்வையும் அது உண்ணும் உணவோடு சேர்த்து ஒரே தாளில் கண்முன் நிறுத்திய முறை அக்கால ஐரோப்பாவில் புதுமையானது. அறிஞர்கள் இலத்தீனில் எழுதிய காலத்தில், சாதாரண மக்களும் வாசிக்கத்தக்கதாக அவர் ஜேர்மன் மொழியில் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் தனித்து நின்றவரல்லர். இத்தாலியில் பிரான்சிஸ்கோ ரெடி என்ற மருத்துவர் 1668 இல், மூடி வைத்த இறைச்சியில் புழு உண்டாவதில்லை என்றும், ஈ இடும் முட்டையிலிருந்தே புழு வருகின்றது என்றும் சோதனை மூலம் காட்டியிருந்தார். ஒல்லாந்தில் யான் சுவாமர்டாம் பூச்சிகளைக் கீறி அவற்றின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து 1669 இல் நூலொன்றை வெளியிட்டார். அவர்கள் சோதனையாலும் கத்தியாலும் கண்டதை மேரியன் அம்மையார் வளர்ப்பினால் கண்டார். உயிரோடு வைத்து, உணவு கொடுத்து, அதன் போக்கில் விட்டுப் பார்ப்பது அவரது முறை.

இந்த முறையில் அவருக்குப் பிடிபடாத புதிர்களும் இருந்தன. நன்கு உண்டு வளர்ந்த புழு கூட்டுப்புழுவாகும். ஆனால் கூடு திறக்கும்போது வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறிய ஈக்களோ குளவிகளோ கூட்டமாக வெளிவரும். அதனையும் அவர் மறைக்காமல் வரைந்து பதிந்தார். அவை புழுவின் உடலில் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதனைத் தின்று வளரும் ஒட்டுண்ணிகள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. எம்மூர்க் குளவியின் கதையும் இதற்கு அடுத்த வீட்டுக் கதையே. குளவி புழுவைக் கொட்டி மயக்கித் தன் மண்கூட்டில் வைப்பது தன் குஞ்சுக்கு உணவாகவே. புழு குளவியாவதில்லை, குளவியின் குஞ்சு அப்புழுவைத் தின்று குளவியாகின்றது. மேரியனின் பெட்டி போன்றதொன்று எமது முற்றத்திலும் இருந்திருப்பின் அந்த உவமை முன்னரே திருத்தப்பட்டிருக்கும்.

அவரது இல்வாழ்க்கை இனிதாக நீடிக்கவில்லை. வளர்ப்புத் தந்தை 1681 இல் இறந்தபின் அவர் பிராங்பேர்ட் திரும்பினார். சில ஆண்டுகளில் கணவரைப் பிரிந்து, முதிய தாயையும் இரு மகள்மாரையும் அழைத்துக்கொண்டு, வட ஒல்லாந்தின் பிரீஸ்லாந்தில் எளிய வாழ்வையும் கடும் இறைபக்தியையும் கைக்கொண்ட ஒரு கிறிஸ்தவக் குழுவினருடன் சேர்ந்தார். உலகப் பொருட்களைத் துறந்த அக்குழுவினரிடையே இருந்தபோதும் உயிர்களைக் கவனிப்பதை அவர் துறக்கவில்லை. தவளையின் முட்டை வாற்பேத்தையாகிக் காலும் முளைத்துத் தவளையாகும் விதத்தை அங்குதான் ஆராய்ந்தார். சிற்றுயிரிலும் படைத்தவனின் கைவண்ணம் உண்டு என்பது அவரது உறுதியான நம்பிக்கை. இது எமக்கும் அந்நியமான எண்ணமல்ல. திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் அத்தியாயங்கள் உள்ளன. எறும்பு வழிபட்டதாகத் திருவெறும்பூரையும், சிலந்தி வழிபட்டதாகத் திருவானைக்காவையும் சைவர்கள் போற்றுகின்றனர்.

தாய் 1690 இல் காலமானார். அடுத்த ஆண்டு மேரியன் அம்மையார் மகள்மாருடன் அம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். அந்நகரை எம் முன்னோர் அறியாவிடினும் அதன் ஆட்சியை அறிந்திருந்தனர். யாழ்ப்பாணம் 1658 ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. வன்னியை ஆண்ட வன்னியர்கள் அக்கம்பனிக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டு விற்கப்பட்டன. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்த அரும்பொருட்கள் அம்ஸ்டர்டாம் செல்வர்களின் மாளிகைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஊசி குத்தி உலர்த்திய வண்ணத்துப்பூச்சிகளும் அவற்றுள் இருந்தன.

அவற்றைக் கண்டு மேரியன் அம்மையார் வியந்தார். அதே வேளை மனநிறைவு கொள்ளவுமில்லை. அப்பூச்சி எந்த இலையைத் தின்று வளர்ந்தது, புழுவாக இருக்கையில் எத்தோற்றம் கொண்டிருந்தது, எவ்வாறு கூடு கட்டியது என்பதைப் பெட்டியிலிருந்த எந்தப் பூச்சியும் சொல்லவில்லை. செத்த உடலை வைத்துக்கொண்டு உயிரின் வரலாற்றை அறிய இயலாது என்று கண்ட அவர், நேரிற் சென்று பார்க்கத் துணிந்தார். தம் சேகரிப்புகளையும் ஓவியங்களையும் விற்றுப் பயணத்துக்குப் பணம் திரட்டினார். 1699 ஆம் ஆண்டில், தமது 52 ஆவது வயதில், இளைய மகள் டொரத்தேயாவுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவிலுள்ள ஒல்லாந்தக் குடியேற்ற நாடான சூரினாமுக்குச் சென்றார். ஆண் துணையின்றி இரு பெண்கள் அறிவு தேடி அக்கடலைக் கடப்பது அன்று எவரும் எண்ணிப் பாராத செயலாகும்.

சூரினாம் கரும்புத் தோட்டங்களின் நாடு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் இரத்தத்தில் அங்கு சீனி விளைந்தது. சீனியைத் தவிர வேறொன்றைத் தேடிவந்த இப்பெண்மணியைக் கண்டு தோட்ட முதலாளிகள் ஏளனம் செய்தனர். அவருக்குக் காட்டில் கோடரியால் வழி வெட்டிக் கொடுத்தவர்களும், புழுக்களையும் செடிகளையும் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அடிமைகளும் பூர்வீகக் குடிகளுமே. எந்தச் செடி எதற்கு உதவும் என்பதை அவர்களிடம் கேட்டறிந்து, அவர்களிடமிருந்தே அறிந்தது என்பதையும் நூலில் எழுதினார். ஆயினும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும், உதவியவர்களின் பெயர்களை அவர் பதியவில்லை என்பதையும் நாம் மறைக்க முடியாது.

அந்நூலில் ஒரு செடியைப் பற்றிய குறிப்பு வாசிப்பவரை உறைய வைக்கும். எமது வீட்டு வாசல்களிலும் கோயில் வீதிகளிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையே அச்செடி. கொடுமை தாங்காத அடிமைப் பெண்கள், தம் வயிற்றில் பிறக்கும் பிள்ளையும் அடிமையாக வேண்டாமென்று, அதன் விதையை உட்கொண்டு கருவைக் கலைத்துக்கொண்டனர் என்பதை அப்பெண்களின் வாயிலாகவே அறிந்து அவர் பதிந்தார். பூவை வரைய வந்தவர் அப்பூவின் நிழலில் நடந்த துயரையும் காணாதவர் போலக் கடந்துசெல்லவில்லை.

வெப்பமும் காய்ச்சலும் அவரை வாட்டின. ஐந்தாண்டுகள் தங்க எண்ணியவர் இரண்டாண்டுகளுக்குள் நோயுற்று 1701 இல் அம்ஸ்டர்டாம் திரும்பினார். 1705 ஆம் ஆண்டில் சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அவரது பெருநூல் 60 படங்களுடன் ஒல்லாந்த மொழியிலும் இலத்தீனிலும் வெளிவந்தது. அன்னாசியும் கொய்யாவும் வாழையும் அவற்றில் ஊரும் புழுக்களும் சிலந்திகளும் எறும்புகளும் அந்நூலில் உயிர்பெற்று நின்றன. பிற்காலத்தில் உயிரினங்களுக்குப் பெயரிட்டு ஒழுங்குபடுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், அவரது படங்களை ஆதாரமாகக் கொண்டு பல இனங்களை விபரித்தார்.

புகழோடு பழியும் வந்தது. கொய்யா மரத்தில் பெரிய சிலந்தியொன்று சிறு பறவையைத் தின்பதாக அவர் ஒரு படம் வரைந்திருந்தார். 19 ஆம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் அதனைப் பெண்ணொருத்தியின் கற்பனையென இகழ்ந்தனர். அவரது நூல் முழுவதையும் ஐயத்துக்குள்ளாக்கினர். அமேசன் காட்டில் பல ஆண்டுகள் கழித்த ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி வோல்ட்டர் பேற்ஸ், அத்தகைய சிலந்தியிடம் சிறு பறவைகள் அகப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாக 1863 இல் வெளியான நூலில் எழுதினார். மேரியனிடம் தவறுகளே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. சூரினாமின் ஒரு பூச்சி இரவில் விளக்குப்போல ஒளிவிடும் என்று அவர் எழுதியது பின்னர் உறுதிப்படவில்லை. ஆனால் பார்த்தவரின் தவறைப் பார்த்தவரே திருத்த முடியும். வீட்டிலிருந்து இகழ்ந்தவர்களால் எதனையும் திருத்த முடியவில்லை.

1715 இல் பாரிசவாதத்தால் தாக்குண்ட அவர் 1717 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் திகதி அம்ஸ்டர்டாமில் காலமானார். அப்போது அவருக்கு 69 வயது. அவ்வேளை அந்நாட்டுக்கு வந்திருந்த ரஷ்யப் பேரரசர் மகா பீற்றருக்காக அவரது ஓவியங்களில் ஒரு பெருந்தொகுதி வாங்கப்பட்டது. புழு நூலின் மூன்றாம் பாகத்தை மகள் டொரத்தேயா அதே ஆண்டில் வெளியிட்டார். தாயிடம் தூரிகை பிடிக்கப் பழகிய இரு மகள்மாரும் ஓவியர்களாகவே விளங்கினர். பதின்மூன்று வயதில் தொடங்கிய அவரது குறிப்பேடு இன்று சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பாதுகாக்கப்படுகின்றது.

புழுவை வளர்த்து வரையும் முறை இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவைற்ஸ் என்பவரின் காலத்தில், அப்பூங்காவில் ஓவியர்களாக விளங்கிய த அல்விஸ் குடும்பத்தினர் இந்நாட்டின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களோடும் கூட்டுப்புழுக்களோடும் வரைந்தனர். அந்த ஓவியங்களைக் கொண்டு பிரெடெரிக் மூர் எழுதிய மூன்று பாக நூல் 1880 முதல் 1887 வரை லண்டனில் வெளிவந்தது. நூலின் அட்டையில் ஆங்கிலேயரின் பெயர் இருந்தாலும் கண்ணும் கையும் இந்நாட்டவருடையவை.

இனி வன்னிக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் தங்கள் காணிகள் பற்றைக்காடாகிக் கிடப்பதையே கண்டனர். வீட்டுத் தரையைப் பிளந்து மரம் வளர்ந்திருந்தது. கிணற்றடியில் பாம்பு இருந்தது. மண்ணுக்குள் கண்ணிவெடி இருந்தது. தெரியாத பொருளைத் தொடாதே, பாதை தவறிக் காலை வைக்காதே என்று பிள்ளைகளுக்கு ஓயாது சொல்லிக்கொடுத்தோம். அந்த அச்சம் நியாயமானது; உயிர்களைக் காத்தது. வெடிபொருள் குறித்த அந்த எச்சரிக்கையை இன்றும் தளர்த்தக் கூடாது.

ஆனால் நிலத்துக்குச் சொன்ன விதியை நாம் அறியாமலே இலைக்கும் பூவுக்கும் நீட்டிவிட்டோம். முற்றத்தில் நெளியும் ஒவ்வொன்றையும் கொல்ல வேண்டிய எதிரியாகப் பிள்ளை காண்கின்றது. புழுவென்றால் தடி அல்லது மருந்துப் போத்தல் என்பதே வளர்ந்தபின் அதன் பழக்கமாகின்றது. வளர்ந்தவர்களான நாமும் தோட்டத்தில் ஒரு புழுவைக் கண்டால் என்ன புழுவென்று பாராமலே கிருமிநாசினி தெளிக்கின்றோம். பயிரை அழிக்கும் புழுவோடு, அப்புழுவைத் தின்று எமக்கு உதவும் குளவியும் சிலந்தியும் சாகின்றன. மகரந்தம் சுமக்கும் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் சாகின்றன. காக்கும் அச்சத்தையும் கண்ணை மறைக்கும் அச்சத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பது இப்போதைய கடமையாகும்.

இதற்குச் சூரினாமுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. வன்னியில் தேசி மரம் இல்லாத வளவு அரிது. அதன் தளிரைத் திருப்பிப் பார்த்தால், பறவையின் எச்சம் போல ஒரு சிறு புழு ஒட்டியிருப்பதைப் பல வேளைகளில் காணலாம். பறவைகள் உண்ணாமல் தப்புவதற்கே அது அந்த வேடம் பூணுகின்றது. வளர்ந்தபின் இலைப் பச்சை நிறம் கொள்ளும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவர்போன்ற ஓர் உறுப்பை நீட்டி மணம் வீசும். அதைக் கண்டு கையை உதறாத பிள்ளை இல்லை. ஆனால் அதனிடம் கொடுக்கும் இல்லை, நஞ்சு மயிரும் இல்லை. அது வெறும் மிரட்டலே. கறிவேப்பிலையிலும் அதன் உறவினமொன்று வளர்கின்றது. வீதியோரத்து எருக்கலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியிட்ட புழு, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாக மாறுகின்றது. கொன்றையிலும் ஆவரசிலும் வளரும் புழுக்களிலிருந்து மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் தோன்றுகின்றன. பருவத்தில் கூட்டங்கூட்டமாகப் பறந்துசெல்லும் அத்தகைய வண்ணத்துப்பூச்சிகள் தமிழர் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கும் மலையை நாடிச் செல்வதாக இந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளனர்.

தேசிப் புழுவொன்றை வளர்ப்பதற்குத் தேவையானவை மிகச் சில. வாயகன்ற ஒரு போத்தல், அதன் வாயை மூடுவதற்குப் பழைய நுளம்பு வலைத் துண்டு, சாய்த்து வைக்க ஒரு குச்சி. புழு இருந்த மரத்தின் இலையையே நாள்தோறும் புதிதாக இட வேண்டும். மருந்து தெளித்த இலை ஆகாது. எச்சத்தை அகற்றி உள்ளே ஈரம் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. இரண்டு கிழமைகள் அளவில் புழு உண்பதை நிறுத்திக் குச்சியில் தன்னை ஒரு நூலிழையால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். மேலும் ஒரு கிழமை அல்லது சற்றுக் கூடிய நாட்களில், பெரும்பாலும் காலை வேளையில், அது வெடித்து வண்ணத்துப்பூச்சி வெளிவரும். அப்போது சிறகுகள் ஈரமாகச் சுருண்டிருக்கும். உதவுவதாக எண்ணித் தொட்டால் அவை முடமாகிவிடும். ஓரிரு மணி நேரம் தொங்கி உலர்ந்தபின் அதனை முற்றத்தில் பறக்கவிட வேண்டும். சில வேளை வண்ணத்துப்பூச்சி வராமல் சிறு குளவி வரலாம். அதுவும் பாடமே, மேரியன் அம்மையாருக்கும் அவ்வாறே நேர்ந்தது.

இங்கே சில எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். முருங்கையில் அப்பும் மயிர்க்கொட்டிகளையும் மயிரடர்ந்த பிற புழுக்களையும் கையால் தொடக் கூடாது. அவற்றின் மயிர் தோலில் பட்டால் கடியும் தடிப்பும் உண்டாகும். அவற்றைத் தூர நின்று பார்க்கலாம். பாம்பையும் தேளையும் பூரானையும் அறிந்து விலகுவதே அறிவு. காட்டிலும் சரணாலயங்களிலும் பூச்சிகளைப் பிடித்து வருவது சட்டப்படி குற்றம். தம் வளவுச் செடியில் கண்டதையே வளர்த்து அங்கேயே விட வேண்டும். நாற்றுமேடையிலுள்ள இளந்தேசிக் கன்றைப் புழு மொட்டையாக்கும் என்பதும் உண்மை; அங்கே அதனைக் கையால் எடுத்து வளர்ந்த மரத்துக்கு மாற்றினால் போதும். வளர்ந்த மரம் சில புழுக்களுக்கு உணவிடத் தாங்கும்.

பாடசாலைகளில் விஞ்ஞான பாடத்தில் உருமாற்றம் என்பது நான்கு படங்களும் நான்கு பெயர்களுமாகப் பாடமாக்கப்படுகின்றது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் அதனை மறந்துவிடுகின்றனர். ஒரு வகுப்புக்கு ஒரு போத்தல் என்று வைத்து, ஒரு மாதம் மாறி மாறி இலை பறித்துவரச் செய்தால், நான்கு படங்களும் கண்முன் நிகழும். ஓவியப் பாடத்தில் அதனை நாளுக்கொரு முறை வரையச் செய்தால் மேரியன் அம்மையாரின் குறிப்பேட்டைப் போன்றதொன்று எமது பிள்ளைகளிடமும் சேரும். வீட்டில் தாய்மார் முதல் நாள் முகத்தைச் சுளிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிள்ளை புழுவைப் பார்ப்பதற்கு முன் தாயின் முகத்தையே பார்க்கின்றது.

ஒரு மாதம் இலை கொடுத்து வளர்த்ததைக் கையாலே பறக்கவிட்ட பிள்ளை, மறுநாள் தேசி மரத்தடியில் நின்று தளிர்களைத் திருப்பிப் பார்க்கும். அங்கே ஒரு புழுவைக் கண்டால் அது தடியைத் தேடாது. இது எந்தப் புழு, எதைத் தின்னும், தொடலாமா, விலக வேண்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பொறுமையோடு விடை சொல்ல வீட்டில் ஒருவரும் பாடசாலையில் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.